அனல் மின் நிலையத்துல கூலிங், கண்டென்சர், வேக்குவம்: அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

பல வருஷம் அனல் மின் நிலையத்துல சிடபிள்யூ பக்கம், அதாவது நீராவிய திரும்ப தண்ணியாக்குற கண்டென்சருக்குப் போற குளிர் தண்ணி பக்கம் வேலை பாத்தவன் நான். புதுசா சேர்ற பசங்க, காலேஜ் ப்ராஜெக்ட் பண்றவங்க, ஊர்க்காரங்கன்னு எல்லாரும் கேக்குற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணேதான், அதனால ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். உதாரணம் எல்லாம் 210 மெகாவாட் மெஷினை வெச்சுத்தான் சொல்றேன், ஏன்னா தூத்துக்குடில அஞ்சு, மேட்டூர்ல நாலு, வட சென்னைல மூணுன்னு நம்ம ஊர்ல அதிகமா போட்டது அந்த சைஸ்தான். யூனிட்னு சொன்னா கரண்ட் பில்லுல வர்ற யூனிட், மெஷினை மெஷின்னே சொல்றேன், குழப்பம் வேணாம்.

கூலிங் டவர்லேருந்து வெள்ளையா போகுதே, அது புகைதானே?

இல்லைங்க, அது நீராவி. இட்லிப் பானைய தொறந்தா வருமே, அதே சமாச்சாரம்தான். புகை போறது பக்கத்துல ஒல்லியா உசரமா நிக்குற சிம்னி வழியா. இடுப்பு ஒடுங்கி அகலமா நிக்குற அந்த பெரிய கோபுரத்துக்குள்ள நெருப்பே கிடையாது, சுடுதண்ணி மழை மாதிரி கொட்டிக்கிட்டு இருக்கும், அவ்ளோதான். அந்த வடிவத்த 1918ல நெதர்லாந்துல ரெண்டு இன்ஜினியருங்க சேந்து கொண்டு வந்தாங்க, காத்து ஃபேன் இல்லாமலே தானா மேல இழுக்கும், சுவரும் மெல்லிசா இருந்தா போதும், அதனாலதான் நூறு வருஷம் தாண்டியும் அதே வடிவம்.

கூலிங்குக்கும் கரண்ட் உற்பத்திக்கும் என்ன சம்பந்தம்? நிலக்கரிய நல்லா எரிச்சா போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்பவுமே ரொம்ப நேரம் எடுத்துப்பேன், ஏன்னா இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரிஞ்சிரும்.

டர்பைன் சுத்துறது நீராவிக்கு ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாவும் இன்னொரு பக்கம் கம்மியாவும் இருக்கறதால. முன் பக்கம் 150 கிலோ பிரஷர், 540 டிகிரி சூடு. பின் பக்கம் கண்டென்சர். அங்க வந்த நீராவி குளிர்ந்து தண்ணியாகுறப்ப, 14,000 லிட்டர் இடத்த அடைச்சுக்கிட்டு இருந்த ஒரு கிலோ நீராவி ஒரே ஒரு லிட்டர் தண்ணியா சுருங்கிருது. சுருங்குன இடத்துல ஒண்ணுமே இல்ல, அதான் வேக்குவம். அந்த வெற்றிடம் நீராவிய டர்பைன் வழியா இழுக்குது. முன்னாடி பாய்லர் தள்ளுற மாதிரி பின்னாடி கண்டென்சர் இழுக்குதுன்னு வெச்சுக்கங்க. பின்னாடி இழுக்குறது பலமா இருந்தா அதே நிலக்கரிக்கு கரண்ட் கூட வரும்.

இது இன்னைக்கு நேத்து தெரிஞ்ச விஷயமும் இல்ல. 1765ல ஜேம்ஸ் வாட்டுக்கு தோணுன யோசனையே இதுதான், நீராவிய சிலிண்டருக்குள்ளயே குளிர வெக்காம தனியா ஒரு கண்டென்சர்ல குளிர வெக்கலாம்னு. நாம இன்னைக்கும் அத சரியா வெச்சுக்கத்தான் பாடு படுறோம்.

கண்டென்சர்ல எவ்வளவு சூடு வெளிய போகுது?

பாதிக்கும் மேல. ஒரு யூனிட் கரண்ட்ங்கிறது சூட்டுக் கணக்குல 860 கிலோ கலோரி. 210 மெகாவாட் டர்பைன்ல ஒரு யூனிட் எடுக்க நீராவி வழியா சுமார் 2,000 கிலோ கலோரி உள்ள போகணும். மீதி 1,140 கண்டென்சர் தண்ணியோட போயிருது. பாய்லர்ல போற நஷ்டத்தையும் சேத்தா ஒரு யூனிட்டுக்கு 2,400, 2,500னு வந்து நிக்கும், அதாவது 100 ரூபாய்க்கு நிலக்கரி எரிச்சா 35 ரூபாய் அளவுக்குத்தான் கரண்டா கிடைக்குது.

ஃபுல் லோடுல மணிக்கு 24 கோடி கிலோ கலோரிய தண்ணி தூக்கிட்டுப் போகணும். பத்து டிகிரி மட்டும் சூடேற விட்டாக்கூட மணிக்கு 24,000 கன மீட்டர் தண்ணி ஓடணும். சிடபிள்யூ பம்ப் ஏன் ஆள் உசரத்த தாண்டி நிக்குதுன்னு இப்ப புரியும்.

வேக்குவம் கொஞ்சம் குறைஞ்சா என்ன ஆயிரப் போகுது?

கணக்கு போட்டுப் பாத்துரலாம். உள்ள வர்ற தண்ணி 32 டிகிரி. கண்டென்சர்ல பத்து டிகிரி ஏறி 42ஆ வெளிய போகுது. நீராவிக்கும் வெளிய போற தண்ணிக்கும் நடுவுல நாலு டிகிரி வித்தியாசம் இருக்கும், இத டிடிடின்னு சொல்லுவோம். ஆக நீராவி 46 டிகிரில தண்ணியாகுது, அந்த சூட்டுக்கு உண்டான அழுத்தம் சுமார் 76 எம்எம் பாதரசம். இந்த சங்கிலில எங்க ஒரு டிகிரி ஏறுனாலும், தண்ணி சூடா வந்தாலும் சரி, ஃப்ளோ குறைஞ்சாலும் சரி, ட்யூப் அழுக்கானாலும் சரி, பின் பக்க அழுத்தம் நாலு எம்எம் கிட்ட ஏறிரும், அதாவது வேக்குவம் அந்த அளவுக்கு குறைஞ்சிரும்.

பத்து எம்எம் ஏறுனா யூனிட்டுக்கு சுமாரா 20 கிலோ கலோரி கூடுதல் செலவு. ஒரு சதவீதம் கூட இல்லையேன்னு தோணும். ஒரு மெஷின் ஒரு நாள் ஃபுல்லா ஓடுனா 50 லட்சம் யூனிட், 20ஆல பெருக்குனா பத்து கோடி கிலோ கலோரி. நம்ம ஊர் நிலக்கரி கிலோவுக்கு 3,500 கிலோ கலோரின்னு வெச்சா 29 டன். ஒரு ரயில் வேகன்ல பாதி, ஒவ்வொரு நாளும், ஒரே மெஷின்ல, ஒரு யூனிட் கூட எக்ஸ்ட்ரா வராம எரிஞ்சு போகுது. எரிஞ்ச ஒவ்வொரு டன்னுக்கும் ஒண்ணே கால் டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு, சாம்பல் தனி. கண்ட்ரோல் ரூம்ல வேக்குவம் பத்து எம்எம் குறைஞ்சு நின்னா யாரும் பதறுறது இல்ல, அலாரமும் அடிக்காது, மாசக்கணக்குல அப்படியே ஓடும். எனக்கு இதுதான் தாங்கவே முடியாத விஷயம்.

சரி, வேக்குவம் ஏன் குறையுது?

பெரும்பாலும் ரெண்டே காரணம், ட்யூப்ல அழுக்கு, இல்லனா காத்து உள்ள போறது.

அழுக்க பத்தி முதல்ல. கண்டென்சருக்குள்ள விரல் தடிமன் ட்யூப் ஆயிரக்கணக்குல இருக்கும், உள்ள தண்ணி வெளிய நீராவி. ஆத்துத் தண்ணியா இருந்தா சுண்ணாம்பு படியும், வீட்ல வாட்டர் ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியுமே அதே தான். கடல் தண்ணியா இருந்தா உயிரோட வர்ற அழுக்கு. கடலோர பிளாண்ட் ஒண்ணுல ஷட்டவுன் அப்ப, ட்யூபுக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணி சேர்ற வாட்டர் பாக்ஸோட மேன்ஹோல தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. ட்யூப் வாய் தெரியவேண்டிய இடத்துல பச்சை ஆழின்னு சொல்ற கடல் சிப்பி கொத்துக் கொத்தா ஒட்டி வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு, நடுவுல பிளாஸ்டிக் கவர், கிழிஞ்ச நைலான் வலை, ஒரு ரப்பர் செருப்பு. கால்வாசி ட்யூப்ல தண்ணியே போகல. மேல கண்ட்ரோல் ரூம்ல எல்லாரும் ஒரு மாசமா உள்ள இருக்குற காத்த உறிஞ்சி வெளிய தள்ளுற எஜெக்டர திட்டிக்கிட்டு இருந்தாங்க. அத சுத்தம் பண்ண உள்ள இறங்குனது கான்ட்ராக்ட் ஆளுங்க, ஒவ்வொரு ட்யூபா, உள்ள சுரண்டிக்கிட்டுப் போற புல்லட் அடிச்சு, அந்த நாத்தத்துல, நாலு நாள். அவங்களுக்கு காத்தோட்டம், கேஸ் செக், வெளிய ஒரு ஆள் காவல், இதெல்லாம் இல்லாம யாரையும் உள்ள அனுப்பாதீங்க, இத நான் யார் கேட்டாலும் சொல்லுவேன்.

கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பு, அந்த பாசி மாதிரி படலம் இருக்கு பாருங்க, அது இன்னும் மோசம். மெல்லிசாத்தான் இருக்கும், ஆனா அதுல முக்காவாசிக்கு மேல நகராத தண்ணி, சூடு தாண்டாது. இதுக்கு குளோரின் அடிக்கிறது ஒரு வழி. இன்னொரு வழி ஸ்பாஞ்ச் பால், ட்யூபோட உள் விட்டத்த விட ஒண்ணு ரெண்டு எம்எம் பெருசா இருக்குற பந்துங்க தண்ணியோடயே உள்ள போய் ட்யூப தேச்சுக்கிட்டு வெளிய வரும், வலைல பிடிச்சு திரும்ப அனுப்பணும், மெஷின் ஓடிக்கிட்டு இருக்கப்பவே சுத்தம் ஆயிரும். நல்ல சிஸ்டம். ஆனா தேஞ்ச பந்த மாத்தாம விட்டா அது ட்யூப தொடாமலே போய்ட்டு வரும், பால் க்ளீனிங் ஓடுதுன்னு லாக் புக்குல எழுதியிருக்கும், ட்யூப்ல அழுக்கு அப்படியே இருக்கும். வாரம் ஒரு தடவ பத்து பந்த எடுத்து அளந்து பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்தது காத்து. வேக்குவம்னா வெளிக் காத்து உள்ள நுழையப் பாத்துக்கிட்டே இருக்கும், எல்பி டர்பைன் கிளாண்ட் (அழுத்தம் கம்மியான கடைசி டர்பைனோட தண்ட சுத்தி இருக்குற சீல்), பேக்கிங் போன வால்வு, விரிசல் விட்ட பெல்லோஸ் (மடிப்பு மடிப்பா இருக்குற இணைப்பு), எங்க இடம் கிடைச்சாலும். உள்ள போன காத்து ட்யூப் மேல போர்வை மாதிரி மூடிக்கும், நீராவி ட்யூப தொடவே முடியாது. அதோட ஆக்சிஜன் தண்ணில கரைஞ்சு பாய்லர் ட்யூப அரிக்க ஆரம்பிக்கும், அது தனி நஷ்டம். கண்டுபிடிக்க ஹீலியம் டெஸ்ட் இருக்கு, வசதி இல்லாத இடத்துல ஷேவிங் ஃபோம் கூட போதும். சந்தேகப்படுற ஃபிளான்ஜ் மேல தடவிட்டு பாத்துக்கிட்டே நின்னா நுரைல ஒரு சின்னக் குழி விழும், அப்படியே உள்ள உறிஞ்சிக்கும். முத தடவ பாக்குறப்ப நம்பவே முடியாது, இவ்ளோ சின்ன ஓட்டையா இத்தன நாள் படுத்துச்சுன்னு.

எது காரணம்னு பிரிச்சுப் பாக்க ஒரு வழி சொல்றேன். ரெண்டாவது வேக்குவம் பம்ப், இல்லனா எஜெக்டர் போட்டுப் பாருங்க, வேக்குவம் சட்டுனு நல்லா ஆனா காத்து லீக், அசையலனா ட்யூப் அழுக்கு, இல்லனா தண்ணி பக்கத்துப் பிரச்சனை. எல்லா நேரமும் சரியா வரும்னு இல்ல, ஆனா தேட ஆரம்பிக்க ஒரு திசை கிடைக்கும்.

கூலிங் டவர்ல என்ன பண்ணலாம்?

டவர் தண்ணிய எவ்வளவு குளிர வெக்க முடியும்ங்கிறத முடிவு பண்றது வெட் பல்ப் டெம்பரேச்சர், அதாவது ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டர் காட்டுற சூடு. அதுக்குக் கீழ போகவே முடியாது, நாலஞ்சு டிகிரி மேலதான் நிக்கும், அதுக்கு பேர் அப்ரோச். கடலோரத்துல ஈரப்பதம் அதிகமான நாள்ல 40 டிகிரி வெயில் இல்லாமலே டவர் திணறுறது இதனாலதான்.

டிசைன்ல அஞ்சு இருந்த அப்ரோச் இன்னைக்கு எட்டு ஒம்போதுன்னு இருந்தா, புது டவருக்கு டெண்டர் போடுறதுக்கு முன்னாடி மேல ஏறிப் பாருங்க. தண்ணிய தெளிக்கிற நாசில் உடைஞ்சு ஒரே இடத்துல தண்ணி குழாய் மாதிரி கொட்டும், பக்கத்துல காஞ்சு கிடக்கும். ஃபில், அதாவது தண்ணிய பரப்பி காத்து பட வெக்கிற அடுக்கு, சேறு அடைச்சு நிக்கும். ஃபிலிம் ஃபில்னு பிவிசில தேன்கூடு மாதிரி வர்றது சுத்தமான தண்ணிக்கு பிரமாதமா வேலை செய்யும், கலங்கல் தண்ணிக்கு, தண்ணிய சிதறடிக்கிற பழைய ஸ்ப்ளாஷ் பார்தான் தாங்கும். கேட்டலாக்ல நம்பர் நல்லா இருக்குன்னு கலங்கல் தண்ணி டவர்ல ஃபிலிம் ஃபில் போட்டு ரெண்டு வருஷத்துல சேறோட வெயிட்ல அது இடிஞ்சு விழுந்தத பாத்திருக்கேன். ஃபேன் இருக்குற டவர்னா பிளேடு கோணம், பிளேடு முனைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, ரெண்டும் பாக்கணும், அலுமினிய பிளேட எடுத்துட்டு எஃப்ஆர்பி (நார் கலந்த பிளாஸ்டிக்) போட்டா ஃபேன் தின்ற கரண்ட்டும் குறையும்.

கடல் தண்ணி நேரா எடுத்து நேரா விட்டா டவரே வேணாமே, அதுதானே நல்லது?

மெஷினுக்கு நல்லதுதான். தண்ணி 28, 30 டிகிரில வரும், ஆவியாகி போற நஷ்டமும் இல்ல. தூத்துக்குடி, வட சென்னை எல்லாம் கடல் தண்ணிதான்.

ஆனா அந்த சூடான தண்ணி எங்கயோ போய் விழணும் இல்லையா. எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல மீன் பிடிக்கிறவங்க கிட்ட பேசிப் பாருங்க, சுடுதண்ணி வந்தப்புறம் எறா வரத்து என்ன ஆச்சுன்னு அவங்க சொல்றத கேட்டா கண்டென்சர் கணக்கு மட்டும் போட்டு பேச முடியாது. கடலோரத்துல வர்ற புது நிலையங்களுக்கு, வெளிய விடுற தண்ணியால அங்க இருக்குற தண்ணியோட சூடு 7 டிகிரிக்கு மேல ஏறக்கூடாதுன்னு விதி இருக்கு. ஆழமான கடல்ல 7 டிகிரி கலந்து போயிரும், முழங்கால் ஆழ கழிமுகத்துல அதே 7 டிகிரி இறால் குஞ்ச கொன்னுரும். என்னக் கேட்டா ஆழம் கம்மியான கழிமுகத்துல விடவே கூடாது, அதுக்காக டவர் போட்டு ஒரு டிகிரி ரெண்டு டிகிரி வேக்குவத்துல விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்ல.

டவர் எவ்வளவு தண்ணி குடிக்கும்?

நம்ம 210 மெகாவாட் மெஷினுக்கு மணிக்கு சுமார் 350 கன மீட்டர் ஆவியா போகும். ஒரு நாளைக்கு 84 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரில 700 லாரி. ஆவியாகிப் போறது சுத்தத் தண்ணி, உப்பு பின்னாடி தங்கிரும், அதனால கொஞ்சம் தண்ணிய வெளிய தள்ளிக்கிட்டே இருக்கணும், அதான் ப்ளோடவுன். உப்ப மூணு மடங்கு வரைக்கும் விட்டா ப்ளோடவுன் மணிக்கு 175, கெமிக்கல் டிரீட்மென்ட் ஒழுங்கா பண்ணி அஞ்சு மடங்கு வரைக்கும் விட்டா 88 போதும். தினம் 21 லட்சம் லிட்டர் மிச்சம், எந்த மெஷினையும் மாத்தாம. ஆனா டிரீட்மென்ட்ல கை வெச்சீங்கன்னா அதே உப்பு ட்யூப்ல படிஞ்சு மேல சொன்ன 29 டன் கதை ஆரம்பிச்சிரும், தண்ணியும் வேக்குவமும் வேற வேற டிபார்ட்மென்ட் இல்ல.

2015 டிசம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி டவர் இருக்குற பழைய நிலையங்க ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 3.5 கன மீட்டருக்கு மேல எடுக்கக் கூடாது, கடல் தண்ணி நிலையங்களுக்கு இது இல்ல. தண்ணி இல்லாம நிலையமே நின்னதும் உண்டு, 2013ல வறட்சில மகாராஷ்டிராவோட பார்லி, 2016 மார்ச்ல கங்கை கால்வாய்ல தண்ணி இறங்கி ஃபராக்கா. நாக்பூர் பக்கத்துல கோராடி நிலையத்துல ஊர் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ணி எடுத்துக்கறாங்க, மனசுக்கு ரொம்ப புடிச்ச ஏற்பாடு அது. குடிதண்ணிக்கு அடிச்சுக்கிற ஊர்ல நல்ல தண்ணிய டவர்ல ஆவியாக்குறத விட இது ஆயிரம் மடங்கு மேல்.

தண்ணியே இல்லாம காத்துலயே குளிர வெக்கலாமாமே?

வெக்கலாம். கார் ரேடியேட்டர் மாதிரி, ஆனா ஃபுட்பால் கிரவுண்ட் சைஸ்ல. தென் ஆப்பிரிக்காவுல மட்டிம்பா, கெண்டால் ரெண்டும் ரொம்ப காலமா இப்படித்தான் ஓடுது. இந்தியாவுல ஜார்க்கண்ட் வட கரன்புராவுல 660 மெகாவாட் மெஷின் மூணுக்கு போட்டிருக்காங்க, முதல் மெஷின் 2023ல உற்பத்திக்கு வந்துச்சு. தண்ணி தேவை பாதிக்கும் கீழ போயிரும். விலை என்னன்னா, இங்க வெட் பல்ப் இல்ல, நேரா வெயில் சூடுதான் கணக்கு. 42 டிகிரி வெயில்ல 42 டிகிரி காத்துதான் கிடைக்கும், வேக்குவம் சரியும், உற்பத்தி அஞ்சுலேருந்து ஏழு சதவீதம் வரைக்கும் அடிவாங்கும். தண்ணியே இல்லாத ஊருக்கு சரி, இருக்குற பழைய மெஷினுக்கு மாத்திப் போடுறது கட்டுப்படியாகாது.

அவ்வளவு சூடு வீணா போகுதே, வேற எதுக்காவது எடுக்க முடியாதா?

42 டிகிரி தண்ணி அளவுல அதிகம், தரத்துல கம்மி, அதுலேருந்து மறுபடி கரண்ட் எடுக்கப் பாத்தா போட்ட காசு வராது. ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு, 2009ல சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், வட சென்னை அனல் நிலையத்தோட சூடான தண்ணிய குறைஞ்ச அழுத்தத்துல ஆவியாக்கி நாளுக்கு 1.5 லட்சம் லிட்டர் நல்ல தண்ணி எடுத்துக் காட்டுனாங்க. நிலையத்தோட அளவுக்கு சின்னதுதான், ஆனா வழி இருக்குன்னு தெரிஞ்சுது.

அப்ப முடிஞ்ச வரைக்கும் குளிர வெச்சுக்கிட்டே போலாமா?

கூடாது. ஒரு அளவுக்கு மேல டர்பைனோட கடைசி பிளேடுல நீராவி அதுக்கு மேல வேகமா போக முடியாது, எவ்வளவு இழுத்தாலும் கரண்ட் அதிகமாகாது. ஹாட்வெல் தண்ணி, அதாவது நீராவி தண்ணியாகி கண்டென்சர் அடில சேர்றது, தேவைக்கு மேல குளிர்ந்து அத திரும்ப சூடாக்க நிலக்கரிதான் செலவாகும். மார்கழி ராத்திரில, இல்லனா சோலார் நிறைய வர்ற மத்தியானத்துல மெஷின் பாதி லோடுல ஓடுறப்ப, ஒரு சிடபிள்யூ பம்ப நிறுத்திப் பாத்து கணக்கு போடுங்க. எல்லா நாளும் எல்லா பம்பும் ஓடுறது பழக்கம், தேவை இல்ல.

சோலாரும் காத்தாலையும் வந்தாச்சு, இன்னும் நிலக்கரிக்கு ஏன் மெனக்கெடணும்?

பழைய மெஷின் மூடணும்னு சொல்றவங்களோட எனக்கு சண்டையே இல்ல, எண்ணூர் பழைய நிலையம் 2017ல மூடுனப்ப சரியான முடிவுன்னுதான் நெனச்சேன். ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே லைட் போடுறப்ப இன்னைக்கு அதத் தாங்குறதுல பெரிய பங்கு நிலக்கரிதான். ஓடுற வரைக்கும் அது ஒரு டன் கூட வீணா எரிக்கக் கூடாது. ட்யூப் கழுவுறதுக்கும் லீக் அடைக்கிறதுக்கும் ஆகுற காசு மிச்சமாகுற நிலக்கரில சீக்கிரமே திரும்பி வந்துரும், இத விட மலிவா எங்கயும் சேமிக்க முடியாது.

நான் இப்பத்தான் சேந்த இன்ஜினியர். எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

ஒரு நோட்டு வாங்குங்க. தினமும் ஒரே நேரத்துல, முடிஞ்சா ஒரே லோடுல, ஆறு நம்பர் எழுதுங்க: தண்ணி உள்ள வர்ற சூடு, வெளிய போற சூடு, வேக்குவம், ஹாட்வெல் சூடு, வெட் பல்ப், லோடு. டிடிடி ஏறிக்கிட்டே போனா ட்யூப், இல்லனா காத்து; தண்ணியோட சூடு வித்தியாசம் ஏறுனா பம்ப், இல்லனா அடைப்பு; அப்ரோச் ஏறுனா டவர். வேக்குவம் மீட்டர கண்ண மூடி நம்பாதீங்க, அன்னைக்கு காத்தழுத்தம் எவ்வளவுன்னு பாத்து சரி பண்ணுங்க, இத விட்டுட்டு ஒரு வாரம் இல்லாத லீக்க தேடுன ஆளுங்க நாங்க. அப்புறம் காலைல ஆறு மணிக்கு டவர சுத்தி ஒரு தடவ நடங்க. தண்ணி எல்லா பக்கமும் ஒரே மாதிரி கொட்டுனா சத்தம் ஒரே சீரா இருக்கும், நாசில் போன இடத்துல சத்தம் மாறும், ஒரு மாசம் நடந்தா காது பழகிரும்.